வரியும் இடமும்: யூனிக்ஸ் ‘பிஆர்’ கட்டளையின் வரலாறும் தமிழ் எழுத்தின் அளவும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் உள்ள எழுத்துக் கோப்பைத் தாளில் அச்சிடுவதற்கு ஏற்பப் பக்கங்களாகப் பிரித்துத் தரும் ‘பிஆர்’ என்னும் கட்டளை, 1971ஆம் ஆண்டின் முதற்பதிப்புக் கையேடு தொட்டு யூனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்று வருகிறது. இக்கட்டளை இரண்டு அலகுகளைக் கொண்டு இயங்குகிறது. ஒன்று, தாளின் நீளத்தை அளக்கும் வரி. மற்றொன்று, தாளின் அகலத்தை அளக்கும் இடம். இவ்விரண்டும் அக்கால அச்சுப்பொறிகளின் இயக்கத்திலிருந்து பிறந்தவை. இவற்றுள் வரி என்னும் அலகு தமிழ்க் கோப்புகளுக்கும் பழுதின்றிப் பொருந்துகிறது. இடம் என்னும் அலகு பொருந்தவில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: யூனிக்ஸ், பிஆர், ராஃப், அச்சு வடிவமைப்பு, யூடிஎஃப்-8, ஒருங்குறி, உயிர்மெய்

முன்னுரை

அச்சுப் பண்பாட்டு வரலாறு எழுதுவோர் அச்சுக்கூடம், எழுத்துரு, பதிப்பாசிரியர், வாசகர் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கணினி வழி அச்சின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மேசைக்கணினிப் பதிப்பாக்கத்திலிருந்து தொடங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், தட்டச்சு முனையங்களின் வழியே கட்டளைகளைத் தந்து கோப்புகளை அச்சிட்ட ஒரு தலைமுறை இருந்தது. அத்தலைமுறை உருவாக்கிய சிறு கருவிகள் இன்றும் லினக்ஸ், மேக் கணினிகளில் இயங்குகின்றன. ‘பிஆர்’ அவற்றுள் ஒன்று.

‘வெற்றுரை’ எனப்படும் எழுத்துக் கோப்பு எவ்வகை வடிவமும் அற்றது, ஆதலால் எம்மொழிக்கும் பொதுவானது என்னும் கருத்து பரவலாக உள்ளது. மின்னூலகங்களும் மொழித்தரவுத் தொகுதிகளும் வெற்றுரையை நம்பியே எழுப்பப்படுகின்றன. அக்கோப்பை அச்சிடுவதற்கு எழுந்த முதற்கருவிகளுள் ஒன்றின் வரலாற்றை நோக்கினால், வெற்றுரைக்குள்ளும் ஓர் இயந்திரத்தின் அளவுகள் பொதிந்திருப்பதை அறியலாம்.

1. அச்சுப்பொறி விதித்த அளவுகள்

ஐபிஎம் நிறுவனம் 1959இல் அறிமுகப்படுத்திய 1403 வரி அச்சுப்பொறி, ஒரு வரியில் 132 எழுத்துகளை அச்சிட வல்லது. எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் உடையவை. ஓர் அங்குல நீளத்தில் 6 அல்லது 8 வரிகள் அமைந்தன. 11 அங்குல நீளமுள்ள தாளில் அங்குலத்திற்கு 6 வரி வீதம் 66 வரிகள் கொள்ளும். ‘பிஆர்’ கட்டளை ஒரு பக்கத்திற்கு 66 வரிகள் என இன்றளவும் கொண்டிருப்பது இக்கணக்கின் வழிவந்ததே.

அக்காலத்து ஃபோர்ட்ரான் நிரல்களில் அச்சிட அனுப்பும் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அச்சிடப்படுவதில்லை. அது தாளை நகர்த்தும் ஆணையாகக் கொள்ளப்பட்டது. அங்கு ‘1’ இருந்தால் புதிய பக்கம். ‘0’ இருந்தால் ஒரு வரி விட்டு அச்சிடுதல். ‘+’ இருந்தால் முன்வரியின் மேலேயே மீண்டும் அச்சிடுதல். உரையும் தாளின் இயக்கமும் ஒரே வரியில் கலந்திருந்த நிலை இது.

பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவானபோது பயன்பட்ட முனையங்கள் டெலிடைப் நிறுவனத்தின் தட்டச்சுப் பொறிகளாகும். அவற்றுள் மாடல் 33 வினாடிக்கு 10 எழுத்துகளை, தலைப்பெழுத்துகளில் மட்டும், வரிக்கு 72 எழுத்துகள் வரை அச்சிட்டது. மாடல் 37 சிற்றெழுத்துகளையும் அச்சிட்டது; தாளை அரைவரி மேலும் கீழும் நகர்த்தியது. இப்பொறிகளில் ஒரு விசையை அழுத்தினால் ஓர் எழுத்து பதியும். அச்சுமுனை ஓரிடம் நகரும். எழுத்தும் நகர்வும் ஒன்றாகவே இருந்தன. இந்த ஒருமையே பின்வந்த கருவிகளின் அடிப்படை எடுகோளாயிற்று.

2. ரன்ஆஃப் முதல் ராஃப் வரை

உரையை வடிவமைக்கும் நிரல்களின் மரபு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்குகிறது. அங்கு முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த ஜெரோம் சால்ட்சர், தம் ஆய்வு முன்மொழிவை ஆயத்தம் செய்யும்பொருட்டு 1964இல் ‘டைப்செட்’, ‘ரன்ஆஃப்’ என்னும் இரு நிரல்களை எழுதினார். முன்னது உரையைத் தொகுப்பதற்கும், பின்னது அதனை வடிவமைத்து அச்சிடுவதற்கும் பயன்பட்டன. புள்ளியில் தொடங்கும் வரி அச்சிடப்படாது. அது வடிவமைப்பு ஆணையாகக் கொள்ளப்படும். வரி அகலம், நடுப்படுத்தல், புதிய பக்கம் ஆகியவற்றை இத்தகைய புள்ளி வரிகள் குறித்தன. உரையையும் ஆணையையும் ஒரே கோப்பில் வைத்து, வரியின் தொடக்கக் குறியால் அவற்றைப் பிரித்தறியும் இம்முறை நெடுங்காலம் நிலைத்தது.

ரன்ஆஃப் நிரலின் வழியில் பெல் ஆய்வகத்தில் பாப் மோரிஸ் ‘ராஃப்’ என்பதை உருவாக்கினார். டக் மெக்கில்ராய் அதனை பிசிபிஎல் மொழியில் மறுவாக்கம் செய்தார். யூனிக்ஸில் இடம்பெற்ற ராஃப் அதன் வழித்தோன்றலாகும். பின்னர் ஜோ ஒசான்னா ‘என்ராஃப்’, ‘டீராஃப்’ ஆகியவற்றை எழுதினார். என்ராஃப் தட்டச்சு முனையங்களுக்கும், டீராஃப் ஒளியச்சுக்கோப்புப் பொறிக்கும் உரியவை. 1977இல் ஒசான்னா மறைந்தபின் பிரையன் கெர்னிகன் டீராஃபை எந்த அச்சுப்பொறிக்கும் பொருந்துமாறு திருத்தியமைத்தார். 1990இல் ஜேம்ஸ் கிளார்க் எழுதி வெளியிட்ட ‘க்ராஃப்’ இம்மரபின் இன்றைய வடிவம்.

3. காப்புரிமைத் துறையும் யூனிக்ஸின் நிலைபேறும்

யூனிக்ஸ் 1969இல் பிடிபி-7 என்னும் சிறு கணினியில் தொடங்கப்பட்டது. அதைவிடத் திறன்மிக்க கணினியை வாங்க அதன் படைப்பாளர்கள் முயன்றபோது, இயங்குதள ஆய்வு என்ற காரணத்தை நிர்வாகம் ஏற்கவில்லை. 1970இல் உரைகளைத் தொகுத்து வடிவமைக்கும் அமைப்பொன்றை உருவாக்குவதாகக் கூறியே பிடிபி-11 கணினிக்கான இசைவு பெறப்பட்டது. அதன் விலை சுமார் 65,000 டாலர்.

இவ்வாக்குறுதி நிறைவேற்றப்பட்ட இடம் அந்நிறுவனத்தின் காப்புரிமைத் துறையாகும். 1971இன் பிற்பாதியில் அத்துறையின் தட்டச்சாளர் மூவர் காப்புரிமை விண்ணப்பங்களை இக்கணினியில் தட்டச்சு செய்து, தொகுத்து, வடிவமைத்தனர். கணினியிலோ நினைவகப் பாதுகாப்பு இல்லை. வட்டின் கொள்ளளவு அரை மெகாபைட் மட்டுமே. நிரலாளர் ஒருவரின் சோதனை தவறினால் தட்டச்சாளரின் உழைப்பும் பாதிக்கப்படும் நிலை. ஆயினும் இப்பணி வெற்றி பெற்றது. காப்புரிமைத் துறையின் ஆதரவும் யூனிக்ஸுக்குக் கிடைத்தது.

டென்னிஸ் ரிட்சி பிற்காலத்தில் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் பதிவுசெய்துள்ள இச்செய்திகள் நமக்கு முக்கியமானவை. உலகெங்கும் பரவிய இவ்வியங்குதளம் தன் தொடக்கத்தில் தாளில் எழுத்தை ஒழுங்காக அச்சிட்டுத் தரும் கருவியாகவே தன் இருப்பை நியாயப்படுத்தியது. அச்சு வடிவமைப்பு அதன் பக்கவிளைவன்று.

4. 1971ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘பிஆர்’

யூனிக்ஸின் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளைத் தாங்கியுள்ளது. ராஃப், பிஆர் ஆகிய இரண்டும் அதில் உள்ளன. இரண்டும் அச்சுக்கு உரியவையாயினும் அவற்றின் பணி வேறு. ராஃப் உரையின் உள்ளே புகுந்து சொற்களை நிரப்பி வரிகளை அமைக்கும். பிஆர் எழுதியவர் அமைத்த வரிகளை மாற்றாது. அவற்றைப் பக்கங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தலைப்பிடும். நிரல், பட்டியல், தரவு போன்றவற்றில் வரி முறிவே பொருளுடையது. அத்தகைய உரைகளுக்குப் பிஆர் ஏற்றதாயிற்று.

கையேட்டின்படி ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் கோப்பின் பெயர், நாள், பக்க எண் ஆகிய மூன்றும் இடம்பெறும். அந்நாள் அச்சிடும் நாள் அன்று. கோப்பு இறுதியாகத் திருத்தப்பட்ட நாள். அச்சிடும் நாள் வேண்டுமெனில் ‘சி’ என்ற குறியைத் தர வேண்டும். ஒரே நிரலின் பல படிகள் மேசைமேல் கிடக்கும் சூழலில் எப்படி முந்தியது, எது பிந்தியது என்பதைத் தாளே சொல்லுமாறு செய்த ஏற்பாடு இது. பதிப்பாய்வாளர் பாடபேதங்களை ஆராயும்போது நாடும் சான்றை இக்கருவி தானாகவே ஒவ்வொரு பக்கத்திலும் பொறித்தது.

‘எல்’ என்ற குறி, சட்ட ஆவணங்களுக்குரிய நீண்ட தாளுக்கு ஏற்ப 66 வரிகளை 78 ஆக்கியது. பிஆர் இயங்கும்போது பிறர் அம்முனையத்திற்குச் செய்தி அனுப்பவும் தடை இருந்தது. முனையமே அச்சுப்பொறியாக இருந்தமையால், இடையில் வரும் செய்தி அச்சாகும் பக்கத்தின் நடுவே பதிந்து வரிக்கணக்கைக் குலைத்துவிடும். பக்கம் என்பது எண்ணிக்கையால் மட்டுமே காக்கப்பட்டது. ஒரு வரி கூடினாலும் அடுத்த பக்கங்கள் அனைத்தும் இடம் பெயரும்.

1973 பிப்ரவரியில் வெளிவந்த மூன்றாம் பதிப்புக் கையேட்டில், மெக்கில்ராய் வலியுறுத்திவந்த ‘குழாய்’ இடம்பெற்றது. ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகச் செலுத்தும் வசதி அது. வரிசைப்படுத்தும் கட்டளையின் வெளியீட்டைப் பிஆருக்கும், அதன் வெளியீட்டை அச்சுக்கு அனுப்பும் கட்டளைக்கும் தொடராகச் செலுத்த இயன்றது. கெர்னிகனும் பிளாகரும் 1976இல் எழுதிய மென்பொருள் கருவிகள் பற்றிய பாடநூலில் இத்தகைய பக்கப்பகுப்பு நிரலைக் கட்டமைப்பது ஒரு பயிற்சியாகவே தரப்பட்டது.

5. பத்திகளும் அகலமும்

1979இல் வெளியான ஏழாம் பதிப்பில் பிஆர் விரிந்த வடிவில் காணப்படுகிறது. பக்கத்தைப் பல பத்திகளாகப் பிரித்தல், பல கோப்புகளை அருகருகே வைத்தல், பக்க நீளத்தையும் அகலத்தையும் எண்ணால் குறித்தல் ஆகியன அதில் உள்ளன. பல பத்திகளுக்கு இயல்பாகக் கொள்ளப்பட்ட அகலம் 72 எழுத்துகள். மாடல் 33 பொறியின் வரி அளவும் அதுவே. பின்னர் 1992இல் வகுக்கப்பட்ட போசிக்ஸ் தரத்திலும் பிஆர் இடம்பெற்றது. 66 வரிகளில் தலைப்புக்கு 5, அடிப்பகுதிக்கு 5, உரைக்கு 56 என்னும் பங்கீடும் அதில் உறுதிப்பட்டது.

வரியை எண்ணுவதும் அகலத்தை எண்ணுவதும் ஒருதன்மையன அல்ல என்பது இங்குக் கருதத்தக்கது. வரியை எண்ண, ‘வரி முடிந்தது’ என்னும் குறியைக் கண்டால் போதும். வரிக்குள் என்ன எழுத்து உள்ளது என அறிய வேண்டியதில்லை. அகலத்தை எண்ணவோ ஒவ்வொரு எழுத்தும் தாளில் எவ்வளவு இடம் கொள்ளும் என அறிய வேண்டும். ஆஸ்கி எழுத்துகளில் ஒரு பைட்டு, ஓர் எழுத்து, ஓரிடம் ஆகிய மூன்றும் சமம். எனவே நிரலாளர் இவற்றைப் பிரித்தறிய நேரவில்லை.

1984இல் அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியையும், 1985இல் ஆப்பிள் நிறுவனம் அதனைப் புரிந்துகொள்ளும் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியையும் வெளியிட்டபின் தாள் என்பது வரிகளின் அடுக்காக இல்லாமல் புள்ளிகளின் பரப்பாக மாறியது. வெற்றுரையை போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றும் ‘ஏ2பிஎஸ்’, ‘என்ஸ்கிரிப்ட்’ ஆகியன தோன்றின. ஒரே தாளில் இரு பக்கங்களை அருகருகே அமைக்கவும் நிரலின் சொற்களை வேறுபடுத்திக் காட்டவும் அவற்றால் இயன்றது. எனினும் அவை எட்டு பிட் குறியேற்றங்களைச் சூழ்ந்தே கட்டப்பட்டவை. ஒரு பைட்டு ஓர் எழுத்து என்னும் எடுகோள் புதிய பொறியிலும் தொடர்ந்தது.

6. தமிழ்க் கோப்பும் இரு அலகுகளும்

தமிழ் எழுத்துகள் 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. ஆயினும் அடுத்த பல ஆண்டுகளுக்கு டிஸ்கி முதலிய எட்டு பிட் குறியேற்றங்களே வழக்கில் இருந்தன. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டேம், டேப் ஆகியவற்றை ஏற்றது. இன்று தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 வடிவில் உள்ளன.

யூடிஎஃப்-8 முறையை 1992 செப்டம்பரில் வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் ஆவர். தாம்சன் ரிட்சியுடன் சேர்ந்து யூனிக்ஸைத் தோற்றுவித்தவர். பழைய கருவிகள் உடையாமல் இயங்க வேண்டும் என்பது அவ்வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்று. ஆஸ்கிக்கு உரிய எந்த பைட்டும் பிற எழுத்தின் உறுப்பாக வராது என்பது அதன் விதி. ஆகவே வரி முடிவுக்குரிய பைட்டு, தமிழெழுத்து எதனுள்ளும் மறைந்து வர வாய்ப்பில்லை. 1971இல் வகுக்கப்பட்ட வரிக்கணக்கு இதனால் ஒரு தமிழ்க் கோப்பிலும் துல்லியமாக நிகழ்கிறது. 56 வரிக்கு ஒருமுறை பக்கம் பிரிகிறது. தலைப்பும் வரியெண்ணும் சரியாக அமைகின்றன.

அகலக் கணக்கு வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் இலக்கணப்படி 3 எழுத்து. ஒருங்குறியில் 5 குறிகள். கோப்பில் 15 பைட்டுகள். 72 இடங்களை இரு பத்திகளாகப் பிரித்தால் ஒரு பத்திக்கு 35 இடம் வாய்க்கும். பைட்டை இடமாகக் கொண்டால், இடைவெளியற்ற தமிழ்த் தொடரில் 12ஆம் குறி முடியும் முன்பே அந்த 35 நிறைந்துவிடும். குறி நடுவில் அறுபடும். நீண்ட வரிகளை மடிக்கும் ‘ஃபோல்டு’ கட்டளையின் க்னூ வடிவம் நெடுங்காலம் இவ்வாறே பைட்டுகளை எண்ணிவந்தது. மாறாக, ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட பைட்டுகளை அச்சிடத்தகாதவை எனக் கருதி அகலமற்றவையாகக் கொண்டால், வரி எவ்வளவு நீண்டாலும் கருவி அதனை உணராது. பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும்.

பைட்டை விடுத்துக் குறியை எண்ணினாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒருங்குறியில் சார்புக் குறியீடுகள் இடம் கொள்வன, இடம் கொள்ளாதன என வகைப்படுத்தப்பட்டுள்ளன. இகரக் குறி முதல் வகையிலும், ஈகாரக் குறியும் புள்ளியும் இரண்டாம் வகையிலும் வைக்கப்பட்டுள்ளன. இப்பகுப்பை அப்படியே பின்பற்றி அகலம் கணக்கிடும் நிரலுக்கு ‘தி’ இரண்டு இடம், ‘தீ’ ஓரிடம். குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் வகுத்த மொழியில், கணினியின் கணக்கு இவ்விணையைத் தலைகீழாக்குகிறது. ஒலியளவும் தாளின் அகலமும் வெவ்வேறு என்பது உண்மையே. ஆயினும் ஒரே அமைப்புடைய இரு உயிர்மெய்களுக்கு இருவேறு அகலம் தரும் கணக்கு, அட்டவணையாக அமைந்த எந்தத் தமிழ் உரையையும் நேர்நிறுத்தாது.

இதற்குத் தமிழ் எழுத்தின் இயல்பே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. சமவிடத் தட்டச்சு தமிழுக்கு வாய்த்திருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா, புள்ளியையும் இகர ஈகாரக் குறிகளையும் பதிக்க நகரா விசையைக் கையாண்டார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியும், உருளை நகராது. அடுத்து மெய்யின் விசையை அழுத்தும்போதே ஓரிடம் நகரும். ஆகவே அப்பொறியில் ‘தி’, ‘தீ’, ‘த்’ மூன்றும் ஒவ்வோரிடமே கொண்டன. டெலிடைப் பொறியில் ஒன்றாயிருந்த பதிவையும் நகர்வையும் முத்தையா பிரித்தார். யூனிக்ஸ் கருவிகள் பெற்ற மரபில் அப்பிரிப்பு இடம்பெறவில்லை.

இன்று ‘பேங்கோ’ நூலகத்தைக் கொண்டு இயங்கும் ‘பேப்ஸ்’ போன்ற கட்டளைகள் தமிழ் வெற்றுரையை ஒழுங்காக அச்சுக்கு ஆயத்தம் செய்கின்றன. அவை இடத்தை எண்ணுவதில்லை. எழுத்துருவில் ஒவ்வொரு வடிவத்தின் உண்மையான அகலத்தை அளக்கின்றன. அச்சிடுவதற்கு அதுவே போதும். ஆனால் பத்தியமைத்தல், வரி மடித்தல், அட்டவணை நேர்நிறுத்தல் ஆகியவற்றை முனையத்திலேயே செய்யும் பழைய கருவிகளுக்கு இடக்கணக்கு இன்றும் தேவைப்படுகிறது.

முடிவுரை

பிஆர் கட்டளையின் வரலாறு பின்வரும் முடிவுகளைத் தருகிறது. பக்கத்திற்கு 66 வரி, அகலத்திற்கு 72 இடம் என்னும் அளவுகள் தாளிலும் தட்டச்சுப் பொறியிலும் இருந்து மென்பொருளுக்கு வந்தவை. பொறிகள் மறைந்தபின்னும் அவை நிலைத்தன. வரி என்னும் அலகு எழுத்தின் இயல்பைச் சாராதது. யூடிஎஃப்-8 வகுத்தோர் அதனைத் திட்டமிட்டுக் காத்தமையால் எல்லா மொழிகளுக்கும் பயன்படுகிறது. இடம் என்னும் அலகு, ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் எழுத்துமுறையை முன்னிறுத்தியது. உயிர்மெய் அமைப்புடைய மொழிகளில் அது பிழைபடுகிறது.

இப்பிழை அச்சில் மட்டும் நிற்பதன்று. இலக்கியத் தரவுகளில் எழுத்தெண்ணிக்கை, சொல்நீளம், அடிநீளம் ஆகியவற்றைக் கட்டளைவரிக் கருவிகளால் கணக்கிடும் ஆய்வாளர், தாம் பெறும் எண் பைட்டைக் குறிக்கிறதா, ஒருங்குறியின் குறியைக் குறிக்கிறதா, இலக்கண எழுத்தைக் குறிக்கிறதா என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லுக்கே 15, 5, 3 என மூன்று விடைகள் உள்ளன. ஒருங்குறி அமையம் வகுத்துள்ள எழுத்துக்கொத்து விதிகளின்படி ‘தி’, ‘தீ’ ஆகியன தனித்தனி ஓர் அலகாகவே எண்ணப்படுகின்றன. அவ்வலகை அடிப்படையாகக் கொண்டு பத்தியமைக்கும் கருவிகளை உருவாக்குவதும், எண்ணிக்கை ஆய்வுகளில் அதனையே பொது அளவாகக் கொள்வதும் தமிழ்க் கணிமைத் துறையினரும் இலக்கண ஆய்வாளரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.